எண்ணிக்கை சரி, கணக்குத் தப்பு: கோதிக் சிறுகதையில் நம்ப முடியாத கதைசொல்லி

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843 ஜனவரியில் வெளியிட்ட ‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையில் கொலைகாரன் எல்லாவற்றையும் எண்ணி எண்ணிச் சொல்கிறான். ஏழு இரவுகள், ஒவ்வோர் இரவும் சரியாக நள்ளிரவில், கிழவர் படுத்திருக்கும் அறைக் கதவைத் திறந்தான். தலையை மட்டும் உள்ளே நுழைக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். எட்டாம் இரவு கொலை. பிணத்தை ஒளிக்கப் பெயர்த்த தரைப்பலகைகள் மூன்று. வேலை முடிந்தபோது மணி நான்கு. வாசலுக்கு வந்த காவலர்கள் மூவர். இந்த எண்களில் ஒன்றையாவது சந்தேகிக்க நமக்குக் காரணம் கிடைப்பதில்லை. அவற்றைக் கூட்டி அவன் சொல்லும் விடைதான் குலைநடுங்க வைக்கிறது: இவ்வளவு நிதானமாகக் காரியம் பார்த்தவன் பைத்தியமாக இருப்பானா என்று நம்மையே கேட்கிறான்.

‘நம்ப முடியாத கதைசொல்லி’ என்றதும் பொய் சொல்பவன் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பழைய வீடும் குற்றமும் பேயச்சமும் சூழ்ந்த கோதிக் கதைக்குள் நுழையும்போது அந்தப் பொருளை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. பொய்யனைப் பார்த்து நமக்குக் கிலி பிடிப்பதில்லை. அகப்படும்வரை நம்புகிறோம், அகப்பட்டதும் கோபப்படுகிறோம், அவ்வளவுதான். கிலி பிடிக்க வேண்டுமானால் சொல்பவன் கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். அதன் பொருள் அவனுக்குப் பிடிபடாமல், கேட்கும் நமக்குப் பிடிபட வேண்டும். அவன் எண்ணிக்கொடுக்கும் காசை நாம் கூட்டிப் பார்க்கிறோம். நம் கூட்டுத்தொகை அவன் சொல்லும் தொகைக்கு முன்னால் ஓடிவிடுகிறது. முன்னால் ஓடியும் நம்மால் அவனைத் தடுக்க முடியாது.

இந்த வகைக் கதைசொல்லிக்கு ஆங்கிலத் திறனாய்வில் பெயர் வைத்தவர் அமெரிக்கரான வெயின் பூத். ஆண்டு 1961. போ எழுதி ஏறக்குறைய 120 ஆண்டுகள் கழித்துத்தான் பெயர் வந்தது என்பதைக் கவனிக்கலாம். கைவேலை முதலில், பெயர் பிறகு. பூத்துக்குப் பின் ஜேம்ஸ் ஃபீலன் இதை நுணுக்கமாகப் பிரித்தார். கதைசொல்லி மூன்று வேலை செய்கிறான்: நடந்ததைச் சொல்கிறான், அதற்குப் பொருள் சொல்கிறான், அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்கிறான். ஒவ்வொரு வேலையிலும் இரண்டு விதமாகத் தவறலாம்: தப்பாகச் சொல்லலாம், குறைத்துச் சொல்லலாம். ஆக, ஆறு வழிகள். கோதிக் சிறுகதையைக் கையில் எடுக்கும் எவரும் இந்த ஆறையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், எந்த ஆசிரியர் எந்தத் திருகாணியைத் திருகுகிறார் என்பது தெளிவாகத் தெரியும். நல்ல கதைகளில் பெரும்பாலும் முதல் வேலை பழுதில்லாமல் இருக்கும். பழுது இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கும்.

‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையையே இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 2,200 சொற்கள். ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடலாம். ஒரு கதை அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், நடுவில் எழுந்துபோனால் அதன் பிடி போய்விடும் என்று போ 1842இல் சக அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் வாதிட்டார். அந்த விதி இந்த வகைக் கதைக்கு மிகவும் தேவை. பழுதுபட்ட ஒரு மனத்துக்குள் அடைபட்டிருக்கும்போது வாசகர் வெளியே போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தால் சந்தேகம் ஆறிப்போகும்.

முதல் வரியிலேயே கதைசொல்லி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். தனக்கு நரம்புத் தளர்ச்சி இருந்தது உண்மை, ஆனால் பைத்தியம் என்று ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். யாரும் இன்னும் அப்படிச் சொல்லவில்லையே! குற்றச்சாட்டு நம் காதில் விழுவதற்கு முன்பே மறுப்பு விழுந்துவிடுகிறது. அடுத்து, நோய் தன் புலன்களைக் கூர்மையாக்கியது என்கிறான். வானத்திலும் பூமியிலும் எழும் ஓசைகள் எல்லாம் கேட்டதாம், நரகத்திலிருந்தும் பல கேட்டதாம். இது வெறும் பிதற்றலாகத் தோன்றும். உண்மையில் இது கதையின் அச்சாணி. ஏனென்றால் முடிவில் பலகைக்கு அடியிலிருந்து இதயத் துடிப்பைக் கேட்கப்போவது இந்தக் காதுதான்.

அந்த ஓசையைப் போ எப்படி நட்டுவைக்கிறார் பாருங்கள். எட்டாம் இரவில், கிழவர் உயிரோடு இருக்கும்போது, பஞ்சில் சுற்றிய பைக்கடிகாரம் எழுப்புவது போன்ற தாழ்ந்த, மழுங்கிய, வேகமான ஓசை கேட்டதாகச் சொல்கிறான். கிழவரின் இதயம் என்று முடிவு கட்டுகிறான். கடைசியில், பிணத்தின் மேல் நாற்காலி போட்டுக் காவலர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கும் ஓசைக்கும் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அதே உவமை. இரண்டு ஓசையும் ஒன்றே என்று அவன் நம்புவது சரிதான். இரண்டுமே அவனுடைய இதயமாக இருக்கலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றுவதில்லை. இதற்கிடையே மூன்றாவது வழியையும் போ திறந்து வைத்திருக்கிறார். சுவருக்குள் தட்டும் ‘சாவுக்கடிகாரங்களை’ இரவிரவாகக் கேட்டுக்கொண்டிருந்ததாகக் கதைசொல்லி போகிறபோக்கில் ஒரு வரி சொல்கிறான். மரத்தைத் துளைக்கும் வண்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. தலையால் மரத்தைத் தட்டி ஓசை எழுப்பும், அது கேட்டால் வீட்டில் சாவு விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊரில் பல்லி சொல்வதைப் போல. ஆக, துடித்தது கிழவரின் இதயமா, கொலைகாரனின் இதயமா, சுவருக்குள் ஒரு வண்டா? காவலர்கள் அதைக் கேட்டார்களா என்பதற்குக் கதையில் சாட்சி கிடையாது. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் தெரியும். கேட்டும் கேட்காதது போல் நடிக்கிறார்கள் என்று அவன் பொருள் கொள்கிறான். நடந்தது சரியாகச் சொல்லப்படுகிறது, பொருள் தப்பாகிறது. ஃபீலனின் பிரிவுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது கடினம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘கறுப்புப் பூனை’யில் போ வேறொரு கருவியை எடுக்கிறார்: காரணம் சொல்லும் ஆசை. நாளை தூக்கிலிடப்படப்போகும் ஒருவன், தன் வீட்டில் நடந்த சாதாரணச் சம்பவங்கள் என்று தொடங்குகிறான். அவன் பூனையை மரத்தில் தூக்கிலிடுகிறான். அன்றிரவே வீடு எரிகிறது. எரியாமல் நின்ற ஒரே சுவரில் கழுத்தில் கயிற்றோடு ஒரு பெரிய பூனையின் உருவம் பதிந்திருக்கிறது. அவன் அசராமல் விளக்கம் தருகிறான். தீயைப் பார்த்து ஓடிவந்த கூட்டத்தில் யாரோ என்னை எழுப்பப் பூனையை மரத்திலிருந்து அறுத்து ஜன்னல் வழியே எறிந்திருப்பார்கள், மற்றச் சுவர்கள் விழுந்து அதைப் புதிய சுண்ணாம்புப் பூச்சில் அழுத்தியிருக்கும், சுண்ணாம்பும் தீயும் பிணத்திலிருந்து வந்த அமோனியாவும் சேர்ந்து உருவத்தைப் பதித்திருக்கும் என்கிறான். விளக்கம் நீள நீள நமக்குச் சங்கடம் கூடுகிறது. பேய் என்று சொல்லியிருந்தால் நாம் நிம்மதியாக இருந்திருப்போம். வேதியியல் பேசும் இந்த மனிதனிடம்தான் பயம். தான் ஏன் தூக்கிலிட்டான் என்ற ஒற்றைக் கேள்வியை எட்டிப் போகவிடுவதற்காகவே அவ்வளவு வேதியியலும் பேசுகிறான் என்று புரிகிறது.

தீர்ப்புச் சொல்லும் வேலையில் பழுதான கதைசொல்லி வேண்டுமானால் 1846 நவம்பரில் வந்த ‘அமோண்டில்லாடோ பீப்பாய்’க்குப் போக வேண்டும். மாண்ட்ரெசார் தன் நண்பன் ஃபார்ச்சுனாட்டோவை நிலவறைக்கு அழைத்துச்சென்று சுவருக்குள் வைத்து உயிரோடு கட்டுகிறான். கட்டுமானக் கணக்கு அனைத்தும் இருக்கிறது: பொந்தின் ஆழம் நான்கடி, அகலம் மூன்றடி, உயரம் ஆறேழு அடி, கல்வரிசை பதினொன்று. எந்த அவமானத்துக்காக இத்தனையும் என்பது மட்டும் இல்லை. ஆயிரம் தீங்கைப் பொறுத்தேன், அவமதித்தபோது பழிவாங்க உறுதிபூண்டேன் என்று ஒரு வரி, அதோடு சரி. இது குறைத்துச் சொல்வது. காரணம் சொல்லப்பட்டிருந்தால் நாம் நீதிபதி ஆகிவிடுவோம். எடைபோடுவோம், மன்னிப்போம் அல்லது தண்டிப்போம். சொல்லப்படாததால் வேடிக்கை பார்ப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை. சுவர் ஏறக்குறைய முடிந்து, உள்ளே இருந்து ஃபார்ச்சுனாட்டோவின் தொப்பி மணிகள் குலுங்கும் ஓசை மட்டும் வரும்போது, தன் நெஞ்சு கனத்தது என்கிறான் மாண்ட்ரெசார். உடனே அதே மூச்சில் காரணமும் சொல்கிறான்: நிலவறையின் ஈரத்தால். ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சொல்கிறான் இதை. அந்த ஈரம் இன்னும் காயவில்லை என்று அவனுக்கே தெரியாது. நெஞ்சுக்கும் ஈரத்துக்கும் இடையே போ போட்ட கோடு, தன்னையறியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கதைசொல்லிக்கு எழுத்தில் கிடைக்கும் ஆகச் சிறிய சான்று என்று நினைக்கிறேன்.

சஸ்பென்ஸும் கிலியும் ஒன்றல்ல என்பதை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி சஸ்பென்ஸ். என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகும் அது வந்துகொண்டே இருப்பது கிலி. ஃபார்ச்சுனாட்டோ திரும்பமாட்டான் என்று முதல் பத்தியிலேயே தெரியும். ஒவ்வொரு கல்வரிசையும் நமக்குத் தெரிந்ததை மெதுவாக நிறைவேற்றுகிறது. எழுதுபவர் இந்த இரண்டில் எதை வேண்டுகிறாரோ அதற்கேற்பக் கதைசொல்லியின் பழுதை எப்போது வெளிக்காட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். முதல் பக்கத்தில் காட்டினால் கிலி. பாதியில் மெல்லக் கசியவிட்டால் இரண்டும். கடைசி வரியில் திடீரென்று காட்டினால் இரண்டும் கிடைக்காது, வெறும் அதிர்ச்சி மிஞ்சும். அதிர்ச்சியை இரண்டாம் முறை வாசிக்க முடியாது.

பாதியில் கசியவிடும் வித்தையின் உச்சம் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892 ஜனவரியில் வெளியிட்ட ‘மஞ்சள் சுவர்த்தாள்’. பிள்ளை பெற்று நலிந்த ஒரு பெண்ணை, மருத்துவரான கணவர் ஜான், கோடைக்கு மூன்று மாதம் வாடகைக்கு எடுத்த பழைய மாளிகையின் மாடியறையில் ஓய்வெடுக்க வைக்கிறார். எழுதக்கூடாது என்பது கட்டளை. அவள் ஒளித்து ஒளித்து எழுதும் குறிப்புகளே கதை. அந்த அறையைப் பற்றி அவள் தரும் தகவல்களை வரிசையாக எடுத்து வையுங்கள். ஜன்னல்களுக்குக் கம்பி இருக்கிறது. குழந்தைகள் அறையாக இருந்திருக்கும், அதனால்தான் என்கிறாள். சுவரில் வளையங்கள் பதித்திருக்கின்றன; உடற்பயிற்சிக்கூடமாக இருந்திருக்கும் என்கிறாள். கட்டில் தரையோடு ஆணியடித்திருக்கிறது. சுவர்த்தாள் கட்டிலின் தலைமாட்டைச் சுற்றிப் பெரிய பெரிய துண்டாகக் கிழிந்திருக்கிறது. எவ்வளவு தூரம் என்றால், அவள் கை எட்டும் தூரம். சுவரின் அடியில், தரையை ஒட்டி, அறையைச் சுற்றி ஒரு நீண்ட தேய்ந்த தடம். யார் இதைச் செய்தார்கள், எதற்காக என்று வியக்கிறாள். தாளின் மஞ்சள் கறை இவள் உடைகளிலும் ஜான் உடைகளிலும் ஒட்டியிருப்பதாக நாத்தனார் ஜென்னி குறைபட்டுக்கொண்டதையும் எழுதிவைக்கிறாள்.

இவை அனைத்தும் உண்மை. ஒவ்வொன்றுக்கும் அவள் தரும் காரணமும் தனித்தனியே பார்த்தால் பொருத்தமானதுதான். நாம் சேர்த்துப் பார்க்கிறோம். கட்டிப்போடுவதற்கான அறை அது. அல்லது, இன்னும் மோசமாக, அந்தத் தடத்தைத் தேய்த்ததும் தாளைக் கிழித்ததும் அவளாகவே இருக்கலாம், எப்போது செய்தோம் என்பது அவள் குறிப்புகளில் ஏறாமல் போயிருக்கலாம். கட்டில் சட்டம் கடிபட்டிருக்கிறது, அந்தப் பிள்ளைகள் என்ன ஆட்டம் போட்டிருப்பார்கள் என்று சொன்ன அவளே சில வரிகள் கழித்துக் கோபத்தில் கட்டிலின் மூலையைக் கடிக்கிறாள், பல் வலித்தது என்கிறாள். முடிவில் தரையில் தவழ்ந்து சுற்றும்போது, தன் தோள் அந்தத் தேய்ந்த தடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறாள். முன்பே தரையில் கிடந்த சாவி இப்போது பூட்டில் திரும்புகிறது. இதைப் ‘புதைத்து வைத்த சான்று’ என்று சொல்லலாம். அது வேலை செய்ய மூன்று நிபந்தனைகள்: முதல்முறை வரும்போது அது வேறொரு பொருளோடு, கூட்டத்தில் ஒன்றாக வர வேண்டும். கதைசொல்லி அதற்கு ஒரு சாதாரணக் காரணம் கொடுத்து மூடிவிட வேண்டும். இரண்டாம் முறை வரும்போது விளக்கம் இருக்கக்கூடாது. பொருந்துகிறது என்றுதான் அவள் சொல்கிறாள். ஏன் பொருந்துகிறது என்று கில்மன் ஒரு சொல்கூடச் செலவழிப்பதில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு பலம், பழுது யாருடையது என்ற கேள்வியைத் திருப்பிப்போடுவது. ஓய்வு சிகிச்சை என்பது கற்பனை கிடையாது. ஃபிலடெல்ஃபியா மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் அதைப் பரப்பியவர். கதையிலேயே அவர் பெயர் வருகிறது. கில்மனே 1887இல் அவரிடம் சிகிச்சை பெற்றவர். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை வேண்டாம், உயிருள்ளவரை பேனாவையோ தூரிகையையோ தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள் என்று 1913இல் எழுதினார். கதையில் ஜான் அன்பானவர், படித்தவர், தெளிவாகப் பேசுபவர். எல்லாரும் நம்பக்கூடிய சாட்சி அவர்தான். அவர் சொல்வது ஒன்றுமே சரியில்லை. நம்ப முடியாதவள் என்று முத்திரை குத்தப்பட்டவள் தன் நோயைப் பற்றி முதல் பக்கத்தில் சொன்னதுதான் சரி: வேலையும் மாற்றமும் கிடைத்தால் நலமாகிவிடுவேன் என்றாள். எந்தக் கதைசொல்லியையும் நம்பலாமா என்று கேட்கும்போதே, அவரை நம்பாதே என்று நம்மிடம் சொல்வது யார், அதனால் அவர்களுக்கு என்ன லாபம் என்றும் கேட்டுவிட வேண்டும். கோதிக் கதைகளில் பெண் கதைசொல்லிகள் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி அவசரமாகிறது.

கைவேலையை அருகில் பார்க்க விரும்புவோருக்குப் பிரெஞ்சில் ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. கி தெ மாப்பசான் ‘ஓர்லா’ கதையை இரண்டு முறை எழுதினார். 1886 அக்டோபரில் வந்த முதல் வடிவத்தில், மனநல மருத்துவர் மரான்த் தன் சகாக்களையும் சில அறிஞர்களையும் கூட்டி, ஒரு நோயாளியைப் பேசவைக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் வீட்டில் குடியேறியிருக்கிறது, இரவில் தண்ணீரையும் பாலையும் குடிக்கிறது என்கிறான் அவன். தன் அண்டைவீட்டார் மூவருக்கும் இதே நேர்ந்தது உண்மைதானே என்று மருத்துவரைக் கேட்கிறான். உண்மை என்கிறார் மருத்துவர். முடிவில், இவன் பைத்தியமா, நாம் இருவருமே பைத்தியமா, அல்லது நமக்கு அடுத்து வரவேண்டியவன் வந்துவிட்டானா என்று தெரியவில்லை என்று மருத்துவரே கைவிரிக்கிறார்.

அடுத்த ஆண்டு, 1887இல், மாப்பசான் மருத்துவரைத் தூக்கி எறிந்தார். அண்டைவீட்டாரும் போனார்கள். மிஞ்சியது ஒரு நாட்குறிப்பு: மே 8இல் தொடங்கி செப்டம்பர் 10இல் முடிகிறது. முதல் வடிவத்தில் சான்று அதிகம், இரண்டாவதில் சான்று குறைவு. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது இரண்டாவதைத்தான். ஏன் என்று பார்த்தால், மருத்துவர் ‘உண்மை’ என்று சொன்ன நொடியில் நம் வேலை முடிந்துவிடுகிறது. அது உண்மை, பயங்கரமானது, நாம் கேட்டுக்கொண்டோம். நாட்குறிப்பில் அப்படிச் சொல்ல ஆளில்லை. தேதி ஒன்றுதான் சாட்சி.

ஜூலைத் தொடக்கத்துப் பதிவுகளில் அவன் செய்யும் சோதனை இந்த வகைக் கதைகளிலேயே மிகக் கச்சிதமான பகுதி. ஜூலை 6 இரவு மேசையில் ஒயின், பால், தண்ணீர், ரொட்டி, ஸ்ட்ராபெரி வைக்கிறான். தண்ணீர் முழுவதும் பாலில் கொஞ்சமும் போயிருக்கிறது, மற்றவை தொடப்படவில்லை. யாரோ குடித்திருக்கிறார்கள் என்று எழுதிய கையோடு நான்தான் குடித்திருக்கிறேன் என்றும் எழுதுகிறான். ஒரே வாக்கியத்தில் இரண்டு எழுவாய். 8ஆம் தேதி தண்ணீரையும் பாலையும் எடுத்துவிட்டு மற்றதை வைக்கிறான்: ஒன்றும் போகவில்லை. 9ஆம் தேதி தண்ணீரும் பாலும் மட்டும். பாத்திரங்களை வெள்ளை மஸ்லின் துணியால் சுற்றி மூடியைக் கட்டுகிறான், தன் உதட்டிலும் தாடியிலும் கையிலும் பென்சில் கரியைப் பூசிக்கொண்டு படுக்கிறான். தூக்கத்தில் தானே எழுந்து குடித்தால் கறை படியும் அல்லவா? காலையில் துணி வெள்ளையாக இருக்கிறது. தண்ணீரும் பாலும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் செய்வதைப் போல ஒவ்வொரு காரணமாக விலக்கிக்கொண்டு வருகிறான். அந்த ஒழுங்குதான் நம்மை உள்ளே இழுக்கிறது. சோதனை வென்றால் அவன் பைத்தியமில்லை, அப்படியென்றால் வீட்டில் ஏதோ இருக்கிறது. சோதனை தோற்றால் அவன் பைத்தியம், அப்படியென்றால் அந்த வீட்டில் அவனே இருக்கிறான். இரண்டில் எதை விரும்புவது? கடைசியில் அந்த ஒன்றைப் பூட்டி எரிப்பதற்காகத் தன் வீட்டுக்குத் தீ வைக்கிறான். மேல் மாடியிலிருந்து அலறல் கேட்கிறது. வேலைக்காரர்களை மறந்துவிட்டேன் என்று எழுதுகிறான். ஐந்து பொருட்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தவன், துணியின் வெண்மையைச் சரிபார்த்தவன், உயிருள்ள மனிதர்களை எண்ண மறந்துவிட்டான்.

மாப்பசான் 1893இல் பாரிஸில் ஒரு மனநல விடுதியில் இறந்தார் என்பதால் ‘ஓர்லா’வை அவர் நோயின் அறிகுறியாக வாசிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அது கதைக்குச் செய்யும் அநியாயம். முதல் வடிவத்தில் என்ன பிசகியது என்று கண்டுபிடித்து, மருத்துவரை நீக்கி, தேதிகளைக் கோத்தவர் தலை தெளிவாக இருந்த ஒரு தொழில்காரர்.

நாட்குறிப்பு வடிவத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: எழுதும் நொடியில் முடிவு தெரியாது. போவின் கொலைகாரர்கள் எல்லாம் முடிந்தபின் சொல்கிறவர்கள், அதனால் அவர்களுக்கு மறைக்க நேரம் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதுபவனுக்கு மறைக்கத் தெரியாது, ஏனென்றால் எதை மறைப்பது என்று அவனுக்கே நாளைக்குத்தான் தெரியும். தேதி பிறழ்வதையே அறிகுறியாக்கவும் முடியும். ருஷ்ய எழுத்தாளர் கோகல் 1835இல் வெளியிட்ட பைத்தியக்காரனின் குறிப்புகளில் தேதி திடீரென்று 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 43 ஆகிவிடும். அது கோதிக் கதை இல்லை. ஆனால் கருவி ஒன்றே.

ஹென்றி ஜேம்ஸ் 1898இல் தொடராக வெளியிட்ட ‘திருகின் திருப்பம்’ சிறுகதைக்குள் அடங்காத நீளம். என்றாலும் ஒரு காரணத்துக்காகச் சொல்லியாக வேண்டும். பேய்களைப் பார்ப்பவள் அந்த வீட்டு ஆசிரியை மட்டுமே, எல்லாம் அவள் மனப்பிரமை என்று அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1934இல் விரிவாக வாதிட்டார். அதற்கு எதிராக நிற்கும் முள் ஒன்று கதைக்குள்ளேயே இருக்கிறது: தான் ஒருபோதும் பார்த்திராத ஆளின் முகத்தை ஆசிரியை வருணிக்கிறாள், அது இறந்துபோன வேலைக்காரன் குவின்ட் என்று வீட்டுக்காரியஸ்தி அடையாளம் சொல்கிறாள். ஒரு விளக்கத்தின் பக்கம் எல்லாச் சான்றும் சாய்ந்தால் கதை செத்துவிடும். எதிர்ப்பக்கத்துக்கு ஒரே ஒரு கனமான சான்றையாவது விட்டுவைக்க வேண்டும். பிரெஞ்சுத் திறனாய்வாளர் தொதொரவ் 1970இல் இந்தத் தயக்கத்தையே இவ்வகைக் கதையின் இலக்கணமாக வைத்தார்.

இப்படிக் கதை எழுதிப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. கதைசொல்லி உண்மைகளிலேயே பொய் சொன்னான் என்று கடைசியில் தெரிவித்தால், வாசகர் எண்ணிய காசெல்லாம் செல்லாக்காசாகிவிடும். திரும்பப் போய்க் கூட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அவன் யாரிடம், ஏன், எங்கிருந்து சொல்கிறான் என்பதை எழுதுபவர் முடிவு செய்யாமல் விட்டால், குரல் காற்றில் தொங்கும். தூக்குமேடைக்கு முந்தைய இரவு, கணவர் காலடி கேட்டதும் ஒளிக்க வேண்டிய தாள், பாவமன்னிப்பு: இப்படி ஏதாவது ஒரு நெருக்கடி இல்லாமல் யாரும் இவ்வளவு பேசமாட்டார்கள். வெளிச் சாட்சி ஒருவர்கூட இல்லாவிட்டால் கதைசொல்லியை எதோடு ஒப்பிடுவது? மூன்று காவலர்களின் சிரிப்பும், கறை பற்றிய ஜென்னியின் முணுமுணுப்பும் அளவுகோலாக நிற்பவை. சாட்சி ஒரு வரிக்கு மேல் பேசக்கூடாது. மொழியைச் சிதைத்தால் பைத்தியம் தெரியும் என்று நினைத்து முற்றுப்புள்ளியும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டுவதும் பரவலான பிழை. போ அப்படி எழுதினாரே என்பார்கள். அவர் கோடுகளுக்கும் கூச்சல்களுக்கும் நடுவே ஒரு மணி நேரம், மூன்று பலகை என்று ஆணியடித்து வைத்திருக்கிறார். ஆணி இல்லாத கூச்சல் காதில் தங்காது.

தமிழில் இந்த இடத்தைத் தொட்டவர்களில் புதுமைப்பித்தனை விட்டுவிட முடியாது. ‘காஞ்சனை’யின் கதைசொல்லி, கதை எழுதுகிறவன் என்றும், சரடு விட்டுப் பிழைக்கிறவன் என்றும் தன்னைத் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்திக்கொள்கிறான். தூக்கம் பிடிக்காத இரவும் உடன் வருகிறது. அதன்பிறகு வீட்டுக்குள் வரும் வேலைக்காரியை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று நமக்கு விளங்குவதில்லை. எச்சரித்துவிட்டுச் சொல்பவனை நம்பாமல் இருப்பது எளிது என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் அப்படி எளிதாக இல்லை.

இந்தக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் சந்திக்கும் சிக்கல்களும் இதே வித்தையின் உள்ளே போக வழி காட்டுபவை. இருட்டில் விழித்து உட்கார்ந்த கிழவர் என்ன நினைத்தார் என்று போவின் கொலைகாரன் சொல்கிறான்: புகைபோக்கியில் காற்று, தரையில் ஓடும் எலி, ஒரு சிள்வண்டு என்றெல்லாம் தன்னைத் தேற்றிக்கொண்டாராம். இந்த ‘ஆம்’ இங்கே வரலாமா? தமிழில் ‘தேற்றிக்கொண்டாராம்’ என்றால் பிறர் சொல்லிக் கேட்டது. ‘தேற்றிக்கொண்டிருப்பார்’ என்றால் ஊகம். ‘தேற்றிக்கொண்டார்’ என்றால் பார்த்த உறுதி. ஆங்கிலத்தில் இருப்பது மூன்றாவது. அடுத்தவர் மனத்துக்குள் நடந்ததை அவன் பார்த்த உறுதியோடு சொல்கிறான், ஏனென்றால் அதே முனகலைத் தன் நெஞ்சிலிருந்தும் பல நள்ளிரவுகளில் கேட்டிருக்கிறான். அதையும் அவனே ஒப்புக்கொள்கிறான். மொழிபெயர்ப்பில் ஓர் ‘ஆம்’ தவறி விழுந்தால் அந்தப் பயம் கிழவருடையதாகவே நின்றுவிடும், கொலைகாரனுடையது என்று தெரியவராது. ‘மஞ்சள் சுவர்த்தாள்’ முடிவை நெருங்கும்போது, தாளுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணும் தானும் இழுத்தும் குலுக்கியும் விடிவதற்குள் கஜக்கணக்கில் உரித்துவிட்டதாக எழுதுகிறாள் அவள். அதுவரை நான், அவள் என்று இருந்த இரண்டும் அங்கே முதன்முறையாக ஒரே சொல்லுக்குள் சேர்கின்றன. அதற்குத் தமிழில் ‘நாங்கள்’ போடலாம். ‘நாம்’ என்று போட்டால் வாசிக்கும் நம்மையும் அந்த அறைக்குள் சேர்த்துப் பூட்டியதாகும்.

மாண்ட்ரெசார் ஐம்பது ஆண்டு காத்திருந்து, என் ஆன்மாவின் இயல்பை நன்கறிந்த ஒருவரிடம் சொல்கிறேன் என்று தொடங்குகிறானே, அந்த ஒருவரை ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலை மூடி வைத்திருக்கிறது. தமிழில் எழுதும் கை முதல் பத்தியிலேயே முடிவு செய்தாக வேண்டும். ‘நீங்கள்’ என்றால் அது சாகும்முன் அழைத்த பாதிரியார். ‘நீ’ என்றால் ஃபார்ச்சுனாட்டோவைப் போல இன்னொரு நண்பன்.